உடையாத ஜீன்

அடுத்த கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்து, "சட்னி இல்லாம இந்த இட்லி எப்படி எறங்கும்?" என்று மனைவியிடம் சலித்துக்கொண்ட காலையில்தான் சந்தனம்மாளுக்கு முதன்முதலாக வயிறு எரிந்தது.

அவள் கையில் கஞ்சிக் கிண்ணம் இருந்தது. கணவர் ராமசுப்பு அதில் இரண்டு கரண்டிகூடக் குடிக்கவில்லை. உதட்டிலிருந்து தொண்டை வரை புண். ஊசி மருந்து ஏறத் தொடங்கிய பிறகு முடி கற்றை கற்றையாகக் கழன்று தலையணையில் கிடந்தது. அதை அவர் பார்க்கும் முன்பே துண்டில் அள்ளி மறைத்துவிட்டுத்தான் கஞ்சியை எடுத்திருந்தாள். இங்கே ஒரு வாய் தண்ணீருக்கே முகம் கோணுகிறது. கையெட்டும் தூரத்தில் ஒருவருக்குச் சட்னி கேட்கிறது.

வந்த புதிதில் அவள் இப்படி இல்லை. அது 1996, வைகாசி மாசம். பரளச்சியில் கோடை உழவு ஓட்டிக்கொண்டிருந்த ராமசுப்புவுக்குக் காய்ச்சல் விடாமல் அடித்தது. பல் துலக்கினால் ரத்தம் வந்தது. எங்கும் இடிபடாமலே தொடையிலும் முதுகிலும் கன்றிப்போயிருந்தது. அருப்புக்கோட்டை டாக்டர் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, வீட்டுக்குக்கூடப் போகவேண்டாம், இப்படியே மதுரைக்குப் பஸ் ஏறுங்கள் என்றார். மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ரத்தப் புற்றுநோய் வார்டில் படுக்கை கிடைத்தது. அதே வாரத்தில் அருப்புக்கோட்டையிலிருந்து தனுஷ்கோடியும் அங்கே வந்து சேர்ந்தார்.

தனுஷ்கோடி மல்லியும் மிளகாய் வத்தலும் வாங்கி விற்கும் கமிஷன் கடைக்காரர். வருஷா வருஷம் மாசியில் ராமசுப்பு வத்தல் மூடை கொண்டுபோய் இறக்குவது அவர் கடையில்தான். தராசுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக நின்று பழகிய இருவரும் இங்கே ஒரே மாதிரி இரும்புக் கட்டிலில், ஒரே மாதிரி வெளுத்துப்போய்ப் படுத்திருந்தார்கள்.

தனுஷ்கோடியின் மனைவி சுந்தராம்பாளும் சந்தனம்மாளும் வராந்தாவில் பக்கத்துப் பக்கத்தில் பாய் விரித்தார்கள். சுந்தராம்பாள் ஃபிளாஸ்க்கில் வெந்நீர் வாங்கி வந்தால் பாதி சந்தனம்மாளுக்கு. சந்தனம்மாள் துணி அலசப் போனால் அவளுடையதையும் சேர்த்து எடுத்துப் போவாள். ஒருத்தி அழுதால் மற்றவள் முதுகைத் தடவிக் கொடுப்பாள்.

"ரெண்டு பேருக்கும் ஒரே சீக்கு, ஒரே டாக்டரு. ரெண்டு பேரையும் ஒண்ணாவே ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருவோம் சந்தனம்" என்பாள் சுந்தராம்பாள்.

"ஒங்க வாய் முகூர்த்தம் பலிக்கட்டும்க்கா" என்பாள் இவள்.

இடுப்பெலும்பில் ஊசியிறக்கி மஜ்ஜை எடுத்துச் சோதித்த முடிவு வந்த பிறகு, ஒரே சீக்கு என்ற அந்தப் பேச்சு நின்றுபோயிற்று. ராமசுப்புவின் தலைமாட்டில் சிவப்பு மருந்து பாட்டிலைத் தொங்கவிட்டார்கள். அது ஏற ஏற அவர் வாந்தியெடுத்தார், சுருண்டார், பேச்சு குறைந்தது. தனுஷ்கோடிக்கு மாத்திரை. பாதி மஞ்சளும் பாதி பழுப்புச் சிவப்புமாக, மீன் எண்ணெய் மாத்திரையைப் போல வழுவழுப்பாக இருந்தது. சென்னையிலிருந்து வரவழைத்த ஒரு பாட்டில். காலையிலும் மாலையிலும் அதை விழுங்கிவிட்டு அவர் படுத்துக்கொண்டார். தலைவலிக்கிறது, உதடு காய்ந்து வெடிக்கிறது என்று புலம்பினார். அவ்வளவுதான். கொஞ்ச நாளில் ஈறில் ரத்தம் நின்றது. கன்றிப்போன இடமெல்லாம் மங்கியது. இப்போது சட்னி கேட்கிறார்.

மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வந்த சுந்தராம்பாள் தலையில் மல்லிகைப்பூ வைத்திருந்தாள். எப்போதும் அதில் பாதியைக் கிள்ளி இவள் தலையிலும் வைப்பாள். அன்றும் கிள்ளி நீட்டினாள்.

"எனக்கு வேண்டாம்க்கா. தலைவலி" என்று சந்தனம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த வாசனை வராந்தாவில் சாயங்காலம் வரை நின்றது. அவளுக்கு அது பிடிக்கவேயில்லை.

மறுநாள் அவள் டாக்டர் ராஜகுருவைத் தேடிப் போனாள். வார்டை ஒட்டிய சின்ன அறையில் அவர் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"டாக்டரய்யா, அந்த மாத்திரைய எங்க வீட்டுக்காரகளுக்கும் எழுதுங்க."

"எந்த மாத்திரைம்மா?"

"தனுஷ்கோடி மொதலாளி திங்கிறாகள்ல, அது. அவுக டவுனுல கடை வச்சிருக்கவுக. நாங்க காட்டுல கெடக்கவுக. அதுக்காக எங்களுக்கு வெசத்த ஏத்தி, அவுகளுக்கு நல்ல மருந்தா?"

டாக்டர் கோபப்படவில்லை. பக்கத்து ஸ்டூலை இழுத்துப் போட்டார். "உக்காருங்க. இதுக்குள்ள பாருங்க. இது தனுஷ்கோடியோட ரத்தம். வந்த அன்னைக்கு எடுத்தது."

ஒரு கண்ணை மூடிக்கொண்டு அவள் குனிந்தாள். வெளிச்ச வட்டத்துக்குள் ஊதா நிறத்தில் பெரிய பெரிய உருண்டைகள். உள்ளே மணல் தூவியது போலப் புள்ளிகள். சிலவற்றில் ஊசிகளைக் கட்டி வைத்தது போலக் கோடுகள் கிடந்தன.

"எலும்புக்குள்ளதான் ரத்த அணு பொறக்குது. பொறந்து, படிப்படியா வளர்ந்து, ஆளானதுக்கு அப்புறம்தான் வெளிய வரும். கிருமியோட சண்டை போடுறதெல்லாம் அந்த வளர்ந்த அணுதான். இதுக பாதியிலேயே நின்னுபோச்சு. நின்னதும் இல்லாம பெருகிக்கிட்டே இருக்கு. நல்ல அணு வளர இடமில்ல. அதான் காய்ச்சல், அதான் ரத்தப்போக்கு." அவர் கண்ணாடித் துண்டை மாற்றினார். "இப்பப் பாருங்க. இதுவும் அவருதான். நேத்து எடுத்தது."

உருண்டைகள் சிறுத்திருந்தன. ஒவ்வொன்றின் நடுவிலும் கோத்த மணியைப் போல இரண்டு மூன்று துண்டுகள்.

"மருந்து அதுகளைக் கொல்லலம்மா. வளர வச்சிருச்சு."

தழைத்துத் தழைத்து நின்று, கடைசிவரை கதிர் வாங்காத சோளம் அவள் நினைவுக்கு வந்தது. அதைக் கதிர் வாங்க வைக்க ஒரு மருந்து இருக்கிறதாம். தனுஷ்கோடியின் காட்டுக்கு மட்டும்.

"இவுகளோடத காட்டுங்க" என்றாள்.

டாக்டர் மூன்றாவது கண்ணாடியை வைத்தார். ராமசுப்புவின் ரத்தம். அதிலும் ஊதா உருண்டைகள்தான். அவளுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

"ஒண்ணு போலத்தான இருக்கு?"

"நிக்கிறது ஒண்ணு போலத்தான். நின்ன காரணம் வேற. நம்ம ஒவ்வொரு அணுவுக்குள்ளயும் ஜீன் இருக்கு. எப்ப வளரணும், எப்ப நிக்கணும்னு அணுவுக்குச் சொல்றது அதுதான். தனுஷ்கோடிக்கு ரெண்டு ஜீன் ஒடஞ்சு, இடம் மாறி, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிருச்சு. ஒட்டிக்கிட்ட அந்தக் கூட்டு ஜீன் அணுவ வளரவிடாமப் புடிச்சு வச்சிருக்கு. இந்த மாத்திரை விட்டமின் ஏ-வோட வகையறா. சரியா அந்தப் பிடியத்தான் தளர்த்தும். வேற எதையும் தளர்த்தாது. உங்க வீட்டுக்காரருக்கு அந்த ரெண்டு ஜீனும் ஒடயல, நல்லா இருக்கு. வேற ஏதோ கெட்டிருக்கு. எதுன்னு எங்களுக்கு இன்னும் தெரியல. அதனால எல்லாத்தையும் அழிச்சுட்டு, நல்லது திரும்ப மொளைக்குதான்னு பார்க்கறதுதான் வழி. தனுஷ்கோடிக்கும் பின்னாடி ஊசி உண்டு. அவருக்கும் மாத்திரை மட்டும் போதாது."

சந்தனம்மாள் அந்த மூன்று கண்ணாடித் துண்டுகளையும் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"அது ஏன் எங்க வீட்டுக்காரகளுக்கு ஒடயல?"

டாக்டர் நிமிர்ந்தார். "என்னம்மா?"

"ஒடஞ்சிருந்தா மாத்திரை கேக்கும்ல?"

"கேட்டிருக்கும்."

"அப்ப அது ஒடஞ்சிருக்கலாம்ல."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் எழுந்து வந்துவிட்டாள்.

அடுத்தவள் நகையைப் பார்த்து வெந்தவர்களை அவளுக்குத் தெரியும். பங்காளியின் காட்டில் மட்டும் மழை இறங்கியதென்று புழுங்கியவர்களையும் தெரியும். அவளே ஒரு காலத்தில் அண்ணன் மனைவியின் தையல் மிஷினைப் பார்த்துப் பெருமூச்சு விட்டவள்தான். அதெல்லாம் கண்ணால் பார்க்கக்கூடியவை. இப்போது அவளுக்கு ஒரு மனிதரின் ரத்தத்துக்குள் உடைந்து கிடக்கும் ஏதோ ஒன்றின்மேல் ஆசை. சோற்றைப் பிசையும்போதும் அதே நினைப்பு. தனுஷ்கோடி குழாயடிக்கு நடந்துபோனால் அவர் கால்களையே பார்த்தாள். சுந்தராம்பாள் யாரிடமாவது சிரித்துப் பேசினால் காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றியது. டாக்டர் சொன்னதைப் பாதி நம்பினாள். மீதிப் பாதி, டாக்டருக்கு மட்டும் எல்லாம் தெரியுமா, கொடுத்துப் பார்த்தால்தானே கேட்குமா கேட்காதா என்று தெரியும் என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

வெள்ளிக்கிழமை சுந்தராம்பாள் மறுபடியும் கோயிலுக்குக் கிளம்பினாள்.

"அவுக தூங்குறாக சந்தனம். கொஞ்சம் பார்த்துக்க. வாரேன்."

தனுஷ்கோடி தலைவலிக்குக் கண்ணின்மேல் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு தூங்கினார். கட்டிலோரச் சின்ன அலமாரி பூட்டவில்லை. மத்தியான வெயிலில் வார்டே அசந்து கிடந்தது. சந்தனம்மாள் பாட்டிலைத் திறந்து கொஞ்சம் மாத்திரைகளை முந்தானையில் முடிந்துகொண்டாள். கை நடுங்கவில்லை. அதுதான் பின்னால் நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

ராமசுப்புவால் விழுங்க முடியாது. அவள் மாத்திரையைப் பல்லால் கடித்து, உள்ளே இருந்த மஞ்சள் எண்ணெயை அவர் நாக்கில் பிழியப் போனாள். அவர் அவள் கையைப் பார்த்தார். பிறகு அடுத்த கட்டிலைப் பார்த்தார்.

"மொதலாளியோடதா?" என்றார், காற்றுப்போன குரலில்.

அவள் தலையை மட்டும் அசைத்தாள். திட்டுவார், தட்டிவிடுவார் என்று நினைத்தாள். அவர் வாயைத் திறந்தார். புண்ணெல்லாம் தெரிய நன்றாகத் திறந்தார். அத்தனை நாளும் அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தது வலியால் மட்டுமல்ல என்று அவளுக்கு அப்போது புரிந்தது. அவரும் வெந்துகொண்டுதான் இருந்திருக்கிறார்.

மறுநாளும் கொடுத்தாள். அன்று சாயங்காலம் தனுஷ்கோடிக்குக் காய்ச்சல் ஏறியது. முகம் உப்பியது. மூச்சு வாங்க ஆரம்பித்தது. படுக்க முடியாமல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நர்ஸுகள் ஓடிவந்தார்கள். ஆக்ஸிஜன் சிலிண்டரை உருட்டிவந்து கட்டிலைச் சுற்றிப் பச்சைத் திரையை இழுத்துவிட்டார்கள். திரைக்கு வெளியே நின்ற சுந்தராம்பாள் பிடிக்க ஏதுமில்லாமல் சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள்.

அந்தக் கணத்தில் சந்தனம்மாளுக்கு மனம் லேசாகியது. இப்போது சமம் என்று ஒரு எண்ணம் சுத்தமாக, சத்தமில்லாமல் வந்து நின்றது. அது வந்ததை அவளே பார்த்தாள். அடுத்த நொடி முந்தானை முடிச்சு ஞாபகம் வந்தது. நான் எடுத்த மாத்திரை குறைந்துதான் அவருக்கு மூச்சு முட்டுகிறது. நான்தான் கொன்றுகொண்டிருக்கிறேன்.

திரையை விலக்கி வெளியே வந்த ராஜகுருவின் முன்னால் போய் முடிச்சை அவிழ்த்து, மிச்சமிருந்த மாத்திரைகளை நீட்டினாள். "நான்தான் எடுத்தேன். இதக் குடுங்கய்யா. குடுத்தா மூச்சு வந்துரும்ல? சீக்கிரம் குடுங்க."

டாக்டர் அவள் உள்ளங்கையைப் பார்த்தார். முகம் இறுகியது.

"யாருக்குக் குடுத்தீங்க? அவருக்கா? எத்தன?"

சொன்னாள்.

"அவரு ஒடம்புல எதிர்ப்புச் சக்தியே இல்லாத நேரம் இது. தண்ணி குடுத்தாக்கூட என்னைக் கேட்டுக் குடுங்கன்னு சொன்னேனா இல்லையா?" வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டு, பிறகு குரலைத் தாழ்த்தினார். "இது நீங்க எடுத்ததால வந்ததில்ல. இந்த மருந்தாலயே வந்தது. நின்னுபோன அணுவெல்லாம் ஒரே சமயத்துல வளருது. வளர்ந்தது நுரையீரல்ல போய் அடைக்குது. சில பேருக்கு இப்படி ஆகும். மாத்திரையையே நிறுத்தி வச்சிருக்கேன். அடைப்பக் கட்டுப்படுத்த ஊசி போட்டிருக்கு. பொழைக்கிறது இனிமேதான் தெரியும்."

நல்ல மருந்து என்று அவள் வெந்த மருந்துதான் அந்த மனிதரின் நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்தது. அப்போதும்கூட, அது கேட்கிற மருந்தாயிற்றே, வளர வைத்துவிட்டதே என்ற ஏக்கம் அவளுக்குள் அணையவில்லை.

"அந்தம்மாகிட்ட நீங்களே சொல்லிருங்க. நான் சொல்லமாட்டேன்" என்றுவிட்டு டாக்டர் போனார்.

சந்தனம்மாள் சுவரோரம் உட்கார்ந்திருந்த சுந்தராம்பாளிடம் போய், மாத்திரைகளை அவள் மடியில் வைத்தாள். நடந்ததைச் சொன்னாள். சுந்தராம்பாள் வெகுநேரம் மடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கிட்டக் கேட்டிருக்கலாம்ல?" என்றாள். பிறகு அவளே தலையை ஆட்டினாள். "கேட்டிருந்தாலும் குடுத்திருக்கமாட்டேன். ஒண்ணுகூடக் குடுத்திருக்கமாட்டேன். எந்திரிச்சுப் போயிரு சந்தனம். என் கண்ணு முன்னால நிக்காத."

அன்றே அவள் பாயைச் சுருட்டி வராந்தாவின் மறுகோடிக்குக் கொண்டுபோனாள். அலமாரிக்குப் பூட்டு வந்தது. அதற்குப் பிறகு இருவரும் எதிரெதிரே வந்தாலும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் கடந்தார்கள்.

தனுஷ்கோடி பிழைத்துக்கொண்டார். சில நாளில் மூச்சு சீரானது. மாத்திரையைக் குறைந்த அளவில் மறுபடி தொடங்கினார்கள், பிறகு ஊசியும் போட்டார்கள். ஊருக்குக் கிளம்பும் அன்று வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு ராமசுப்புவின் கட்டிலருகே வந்தார். அவருக்கு மாத்திரை விஷயம் தெரியாது என்பது அவர் பேச்சிலேயே தெரிந்தது.

"ஒண்ணும் கவலப்படாதீக. மாசியில வத்தலோட கடைக்கு வாரீக. நம்ம ரெண்டு பேரும் சேந்து டீ குடிக்கிறோம்."

"வாரேன் மொதலாளி" என்று ராமசுப்பு சிரித்தார். தனுஷ்கோடி போன பிறகு, "நல்ல மனுசன். ஆனா மூஞ்சியப் பாக்க முடியல புள்ள" என்றார். சந்தனம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆடி முடியும்போது ராமசுப்புவுக்கும் நல்ல அணுக்கள் முளைத்தன. டாக்டரே சோதனைக் காகிதத்தோடு கட்டிலுக்கு வந்து சொன்னார். அந்தக் காகிதத்தை வாங்கிச் சந்தனம்மாள் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இடையிடையே மதுரைக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு, புரட்டாசியில் அவர் கரிசலில் விதைத்தார். அந்த வருஷம் மிளகாய் நன்றாகக் காய்த்தது. மாசியில் மூடைகளை அருப்புக்கோட்டைக்குக் கொண்டுபோகவில்லை. பந்தல்குடியில் வேறு கடையில் போட்டார்கள்.

சித்திரையில் மறுபடியும் ஈறில் ரத்தம் வந்தது. இந்தமுறை சிவப்பு மருந்து கேட்கவில்லை. "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கம்மா" என்றபோது ராஜகுருவின் கண்ணும் கலங்கியிருந்தது. 1997 ஆடியில், பரளச்சி வீட்டிலேயே, காலைப் பொழுதில் ராமசுப்பு இறந்தார்.

கருமாதி முடிந்த சில நாளில் சுந்தராம்பாள் வந்தாள். வெயிலில் நடந்து வந்து முகம் சிவந்திருந்தது. தனியாக வந்திருந்தாள். உள்ளே வந்து சந்தனம்மாளைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஓய்ந்த பிறகு இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

"மொதலாளி வரலையாக்கா?"

"வந்திருக்காக. பஸ்ஸு நிக்கிற எடத்துல டீக்கடையில உக்கார வச்சிட்டு வந்திருக்கேன்."

"ஏன்?"

"ஒனக்கு அவுகளப் பாக்கப் பொறுக்காது. அதான்."

"ஆமாக்கா. பொறுக்கல. போன வருசம் பொறுக்காதது இன்னைக்கும் பொறுக்கல. அவுக நல்லா இருக்கணும்னு வாயால சொல்றேன். உள்ள எரியுது."

"தெரியும். எனக்கு மட்டும் என்ன. சேதி வந்தப்ப எனக்கு மொதல்ல வந்தது அழுக இல்ல சந்தனம். நல்லவேள, நம்ம வீடு இல்லன்னுதான் வந்துச்சு. அதுக்கப்புறம்தான் அழுதேன்." சுந்தராம்பாள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அவுகளுக்கு லேசாக் காய்ச்சல்னாலும் எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. அத ஒங்கிட்ட வந்து சொல்ல முடியுமா? சொன்னா நீ என்ன நெனப்ப?"

"குடுத்து வச்சவன்னுதான் நெனப்பேன்" என்றாள் சந்தனம்மாள்.

சுந்தராம்பாள் தலையாட்டினாள்.

கொஞ்ச நேரம் கழித்துச் சந்தனம்மாள் எழுந்தாள். "இருங்க வாரேன்" என்று சொல்லிவிட்டு, சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு வெயிலில் இறங்கினாள். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த தனுஷ்கோடி அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார். உடம்பு தேறி, முடி அடர்த்தியாக வளர்ந்திருந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

"வீட்டுக்கு வாங்க மொதலாளி. வெளிய உக்காந்திருந்தா நல்லா இருக்காது."

அவள் முன்னே நடந்தாள். அவர் பின்னால் வந்தார். செருப்புச் சத்தம் ஒரே சீராகக் கேட்டது. நோயாளியின் நடையில்லை, நல்ல அழுத்தமான நடை. இந்தச் சத்தம் வேறொருவருடையதாக இருந்திருக்கலாம் என்று ஒவ்வொரு அடிக்கும் தோன்றியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நடையை வேகப்படுத்தவும் இல்லை.

வீட்டில் செம்பு நிறையத் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். தனுஷ்கோடி தலையை அண்ணாந்து, தொண்டை ஏறி இறங்க மடமடவென்று குடித்தார். கடைசிச் சொட்டு வரை அவள் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு காலிச் செம்பை வாங்கி வைத்துவிட்டு, இருவருக்கும் உலை வைக்க அடுப்படிக்குப் போனாள்.